பழைய லேப்டாப்பைத் தேற்றுவதா, புதிது வாங்குவதா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். லேப்டாப் வாங்கி ஒன்பது, பத்து வருஷம் ஆகிறது, எங்கும் உடையவில்லை, கீபோர்டு நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஆமை மாதிரி நகர்கிறது, போதாக்குறைக்கு விண்டோஸ் 11-க்கு இந்தக் கணினி தகுதியில்லை என்றும் காட்டுகிறது, இனி என்ன செய்வது? கேட்கும்போதே பாதிப்பேர் புதுசு வாங்கிவிடலாம் என்ற முடிவோடுதான் வருகிறார்கள். நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். உள்ளே இருப்பது சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கா, சுற்றும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா?

இதற்குப் பதில் தெரியாமல் புது லேப்டாப்புக்குப் பணம் ஒதுக்காதீர்கள். என் கைக்கு வந்த பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் குறை பிராசஸரில் இல்லை, டிஸ்கில்தான் இருந்தது. பார்க்க ஒரு நிமிஷம் போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் இடது ஓரத்தில் டிஸ்க் என்பதற்குக் கீழே எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும். எச்டிடி என்று இருந்து, கணினியைத் திறந்து பத்து நிமிஷம் ஆன பிறகும் அது 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, மேலே சிபியு மட்டும் 15, 20-ல் சும்மா கிடந்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. பிராசஸர் வேலை செய்யத் தயாராகத்தான் இருக்கிறது, டிஸ்க் தகவலை எடுத்துக் கொடுத்தால்தானே!

காரணம் எளிது. லேப்டாப்பில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 முறை சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. அதோடு படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை வினாடிக்கு ஏறக்குறைய நூறு முறைக்கு மேல் அதனால் எட்ட முடியாது. விண்டோஸ் திறக்கும்போது நடப்பது முழுக்க இந்தச் சின்னக் கோப்பு வேலைதான். ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் வரும் சாதாரண எஸ்எஸ்டி இதையே வினாடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும், ஏனென்றால் உள்ளே சுற்ற எதுவும் இல்லை. பெட்டியில் வினாடிக்கு 550 எம்பி என்று பெரிதாகப் போட்டிருப்பார்களே, அது பெரிய வீடியோவை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது வரும் வேகம், அன்றாடம் நாம் உணர்கிற வித்தியாசம் அதில் இல்லை. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள், இங்கே எரிவது அந்த டிஸ்க்.

என்னுடையது 2016-ல் வாங்கியது. இன்டெலின் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டு வேறு ஏதாவது வேலையை முடித்துக்கொண்டு வந்தாலும் பிரவுசர் திறக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். அடிப்பக்கத்தில் பத்து ஸ்க்ரூ தெரிந்தது, அதையெல்லாம் எடுத்தும் மூடி அசையவில்லை. பின்பக்க ரப்பர் கால்கள் இரண்டுக்குக் கீழே இன்னும் இரண்டு ஒளிந்திருந்தன, அதைத் தேடவே அரை மணி நேரம் போனது. அப்புறம் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் செருகி மெதுவாக நெம்ப, டக் டக் என்று ஒவ்வொரு கொக்கியாக விட்டுக்கொடுத்தது. முதலில் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றினேன், இதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துக்குள் நான்கு குட்டி ஸ்க்ரூவோடு உட்கார்ந்திருந்தது. அதே சட்டத்தில் 2.5 அங்குல எஸ்எஸ்டியை மாட்டி, காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் 8 ஜிபி ரேம் போட்டு மூடினேன். திறந்தபோது முதலில் கவனித்தது வேகத்தை இல்லை, சத்தத்தைத்தான். இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய அந்த கிர்ர் சத்தம் இல்லை. பிறகுதான் பார்த்தேன், நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தது.

ரேம் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2015, 2016 காலத்து லேப்டாப்புகளில் டிடிஆர்3எல்-உம் இருக்கலாம், டிடிஆர்4-உம் இருக்கலாம், ஒன்று 1.35 வோல்ட், இன்னொன்று 1.2 வோல்ட், நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில் இருக்கும், மாற்றி வாங்கினால் உள்ளேயே போகாது. எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்பதையும் அதே டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதி காட்டிவிடும். இன்னொன்று, 2025-ன் கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போகின்றன, அந்த வியாபாரத்தில் கவனம் செலுத்துவதற்காக மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் 16 ஜிபி போட்டே தீருவேன் என்று அடம்பிடிக்க இது நேரமில்லை, 8 ஜிபி ஆனாலும் பழைய லேப்டாப்புக்கு நன்றாகவே தாங்கும். எஸ்எஸ்டியில் பெயர் தெரியாத, நம்ப முடியாத கொள்ளளவை அடிமாட்டு விலைக்குத் தருகிறவற்றைத் தொடாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டிவைத்துப் பெரிய எண்ணைக் காட்டும் போலிகள் நிறையச் சுற்றுகின்றன, நிரம்ப ஆரம்பித்ததும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதிவிடும்.

சரி, வன்பொருள் தேறிவிட்டது. அதில் எந்த இயங்குதளத்தைப் போடுவது? உண்மையான குழப்பமே இங்கேதான்.

விண்டோஸ் 10-லேயே இருப்பது ஒரு வழி. ஆதரவு முடிந்த மறுநாளே கணினி நின்றுவிடாது, ஓடிக்கொண்டுதான் இருக்கும், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க மட்டும் யாரும் வர மாட்டார்கள். அதற்குத்தான் மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பயனர்களுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு கொடுத்தது, 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-வில் இருந்தால் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டிங்ஸை ஒத்திசைத்தால் இலவசம், இல்லாவிட்டால் ரிவார்ட்ஸ் புள்ளிகள் ஆயிரமோ பணமோ கொடுக்கலாம், ஒரே உரிமத்தில் பத்துக் கணினி வரை சேர்க்கலாம். நல்ல வசதிதான், இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் இதை ஒரு தீர்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யோசிக்க வாங்கிய அவகாசம், அவ்வளவுதான். சிலர் எதையும் செய்யாமல், "எனக்கு என்ன வைரஸா வரப்போகிறது" என்று அப்படியே பேங்க் வேலையையும் அதிலேயே செய்துகொண்டிருக்கிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே பதைக்கிறது. பணம் புழங்கும் கணினியில் அந்தத் துணிச்சல் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, தகுதியில்லாத கணினியில் விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாக ஏற்றுவது. அதிகாரபூர்வமாக இன்டெலில் எட்டாம் தலைமுறையும் ஏஎம்டி லேப்டாப்பில் பொதுவாக ரைசன் 3000 வரிசையும் அதற்கு மேலும் வேண்டும், பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் 2.0 வேண்டும், கணினி திறக்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வேண்டும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் யுஎஸ்பி தயார் செய்யும்போது இந்தச் சோதனைகளை எல்லாம் நீக்கும் வசதி உண்டு, டிக் அடித்தால் போதும், ஏறிவிடும். நானும் போட்டுப் பார்த்தேன், ஆறாம் தலைமுறை ஐ5-ல் எஸ்எஸ்டியோடு ஓடத்தான் செய்தது. ஆனாலும் இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுக்கவில்லை, வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் நாமே யுஎஸ்பி செய்து ஏற்ற வேண்டும். 24எச்2 என்ற விண்டோஸ் 11 பதிப்பு வந்தபோது பிராசஸரில் சில கட்டளைகள் இருந்தே ஆக வேண்டும் என்று புதிதாக ஒரு கதவை மூடினார்கள், மிகப் பழைய கணினிகள் அங்கேயே நின்றன. அடுத்து எந்தக் கதவு என்று நமக்குத் தெரியாது. இந்த மாதிரி நோண்டுவதில் ஆர்வம் இருப்பவர் தன் சொந்தக் கணினியில் செய்துகொள்ளட்டும், அப்பா அம்மாவின் கணினியில் இதைப் போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகாதீர்கள்.

முதலில் தகுதியைச் சோதிக்கும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை வைத்துச் சரிபாருங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் தலைமுறைக் கணினியாக இருந்தும் பயாஸில் (விண்டோஸ் திறப்பதற்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரை) டிபிஎம் அணைந்து கிடப்பதால் தகுதியில்லை என்று காட்டுவதுண்டு. இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், அதைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. இது தெரியாமல் நல்ல கணினியை விற்றவர்களும் இருக்கிறார்கள்.

இனி லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பழைய லேப்டாப் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் இதுதான்.

அதை அம்மாவுக்குக் கொடுத்தேன், லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் போட்டு. மின்ட் 22 வரிசை உபுண்டுவின் 24.04 நீண்டகாலப் பதிப்பின் மேல் கட்டியது, 2029 வரை அப்டேட் வரும். கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகியவர்களுக்குக் கை தானாகப் போகிற இடத்திலேயே எல்லாம் இருக்கும். அம்மா செய்வது நான்கு விஷயம், வீடியோ அழைப்பு, யூடியூப், மின்னஞ்சல், எப்போதாவது ஒரு பிரின்ட். முதல் வாரம் மூன்று முறை கூப்பிட்டார்கள், அதில் இரண்டு பாஸ்வேர்டு மறந்தது. மூன்றாவது முறை, "நடுவில் வந்து அப்டேட் பண்ணட்டுமா, ரீஸ்டார்ட் பண்ணட்டுமா என்று கேட்பதே இல்லையே, கெட்டுப்போய்விட்டதா" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் கணினி சம்பந்தமாக அழைப்பு வருவது நின்றுவிட்டது.

போடுவதற்கு முன்னால் யுஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது லினக்ஸின் பெரிய வசதி. டிஸ்கில் எதையும் அழிக்காமல் வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் சரியாக எழுகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் பார்ப்பதில்லை, லேப்டாப்பில் அடிக்கடி சறுக்குவது அதுதான். சில பிராட்காம் வைஃபை சிப்புகளுக்குத் தனியாக டிரைவர் போட வேண்டும், அதுவரை போனை யுஎஸ்பியில் செருகி இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். பிரின்டர் ஓரளவு புதிதாக, நெட்வொர்க்கில் இருப்பதாக இருந்தால் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்கள் எல்லாம் விண்டோஸுக்கானவை, இங்கே வராது. ஆனால் லினக்ஸின் தட்டச்சு மென்பொருளான ஐபஸ் வழியாகத் தமிழ்99-உம் ஒலிப்பு முறையும் கிடைக்கின்றன, ஒருமுறை அமைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் விண்டோஸிலிருந்து மறக்காமல் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் திறந்ததும் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும்.

லினக்ஸ் ஒத்துவராத இடங்களும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஃபோட்டோஷாப், பிரீமியர் இரண்டும் கிடையாது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை பிரவுசரில் பயன்படுத்தலாம், நிறுவ முடியாது. அதற்குப் பதிலான இலவச லிபரே ஆஃபீஸ் சொந்த வேலைக்குத் தாராளமாகப் போதும், ஆனால் அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு கோப்பில் ஒரு பக்கத்தில் முடிய வேண்டியது இரண்டாம் பக்கத்துக்கு வழியும். பெரும்பாலும் அதற்குக் காரணம் கலிப்ரி எழுத்துரு இல்லாததுதான், அதே அகலத்தில் செய்த கார்லிட்டோவை நிறுவினால் பாதி சரியாகிவிடும், மீதி சரியாகாது. விளையாட்டுகளில் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட வால்வ் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த புரோட்டான் நிலைமையை அடியோடு மாற்றிவிட்டது, ஆனாலும் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உட்காரும் ஏமாற்றுத் தடுப்பு உள்ள வேலரன்ட் போன்றவை ஓடாது. உங்கள் பிழைப்பே விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு மென்பொருளை நம்பி இருந்தால், லினக்ஸ் பற்றிய பேச்சை இங்கேயே விட்டுவிடுங்கள். மாற்று தேடி நாட்களை வீணாக்க வேண்டாம்.

பழைய கணினிகளில் போடுவதற்காகக் கூகுள் தரும் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பிரவுசரைத் தவிர எதையும் தொடாதவருக்குச் சரி. ஆன்ட்ராய்டு செயலிகள் அதில் வராது, குரோம்புக்கில் வருவதைப் பார்த்து இதிலும் வரும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதைவிட மின்ட் பிடித்திருக்கிறது, நாளைக்கு ஏதாவது கூடுதலாகத் தேவைப்பட்டால் செய்துகொள்ள இடம் இருக்கிறது.

இப்போது மறுபக்கம். எப்போது புதிதுக்குப் போக வேண்டும்? எஸ்எஸ்டி போட்ட பிறகும் சிபியு நாள் முழுக்க 100-ல் நிற்கிறது, அல்லது ரேம் போர்டோடு ஒட்டியது, 4 ஜிபிக்கு மேல் வழியில்லை, அல்லது ஹின்ஜ் பிய்ந்து திரை ஆடுகிறது, அல்லது வீடியோ எடிட்டிங், நிரல் எழுதுவது மாதிரி கனமான வேலை வந்துவிட்டது. இப்படி உறுதியான ஒரு காரணம் இருந்தால் மனக்குறையே இல்லாமல் மாறிவிடலாம்.

அதிலும் புதிதுக்கு முன்னால் இடையில் ஒரு படி இருக்கிறது, அலுவலகங்களில் மூன்று நான்கு வருஷம் ஓடித் திரும்பி வரும் ரீஃபர்பிஷ்டு லேப்டாப்புகள். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மாதிரி வரிசைகள். நான் இதற்கு ரொம்பவே சாதகமானவன். ஏழாம் தலைமுறை ஐ5 7200யு-வில் இரண்டே கோர், எட்டாம் தலைமுறை 8250யு-வில் நான்கு, அந்த ஒரு தலைமுறையில் நடந்த தாவல் பெரிது. விண்டோஸ் 11-உம் முறையாக ஓடும். 2018-ல் வந்த திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ரேமுக்கு இரண்டு ஸ்லாட், வெளியிலிருந்தே கழற்றி மாற்றும் ஒரு பேட்டரி, தண்ணீர் சிந்தினாலும் ஓரளவு தாங்கும் கீபோர்டு. அதே பணத்துக்குக் கிடைக்கும் அடிமட்டப் புது லேப்டாப்பில் மூடியைத் தூக்கினால் முழு உடம்பும் வளைகிறது. வாங்கும்போது பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா, விண்டோஸை நிறுவும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி உள்நுழையச் சொல்கிறதா (அப்படியென்றால் அது இன்னும் அந்த நிறுவனத்தின் பிடியில்தான் இருக்கிறது) என்று இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை விண்டோஸிலேயே உண்டு, முதலில் இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதே வேண்டும் என்றால் இன்று மூன்று பாதை: இன்டெல், ஏஎம்டியில் ஓடும் வழக்கமான விண்டோஸ், போன் சிப்புகளைப் போல ஆர்ம் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகனில் ஓடும் விண்டோஸ், மேக்.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசை 2024 ஜூனில் வந்தது. பேட்டரியில் அருமை, சார்ஜரைப் பிடுங்கினாலும் வேகம் குறைவதில்லை. குரோம், ஆஃபீஸ் எல்லாம் இதற்கென்றே செய்த பதிப்புகள் உண்டு, மற்றவற்றைப் பிரிஸம் என்ற மொழிமாற்றி ஓட்டுகிறது. அது மென்பொருளைத்தான் ஓட்டும், டிரைவரை ஓட்டாது. என் நண்பர் ஒருவர் ஆசையாக வாங்கி வந்து, பல வருஷமாக வைத்திருக்கும் ஸ்கேனரைச் செருகினார், ஆர்ம் டிரைவரே இல்லை, தயாரித்தவர்கள் இனி செய்யவும் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேனருக்காக என் பழைய லேப்டாப் மாதிரி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார். பழைய கருவிகள், அலுவலக விபிஎன், சில விளையாட்டுகள் இதில் எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் ஸ்னாப்டிராகன் நல்ல தேர்வு. இருந்தால், ஒவ்வொன்றையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான விண்டோஸ் லேப்டாப்பில் சிக்கல் பெயர்களில் இருக்கிறது. 2023-ல் வந்த ரைசன் 7000 வரிசையில் 7730யு என்பதும் 7840யு என்பதும் அண்ணன் தம்பி மாதிரி ஒலிக்கும், ஆனால் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்று சொல்லும், 3 என்றால் சென் 3, 4 என்றால் சென் 4 (சென் என்பது ஏஎம்டி தன் பிராசஸர் கட்டமைப்புக்கு வைத்த பெயர்). முதலாவது பழைய கட்டமைப்பு, கிராஃபிக்ஸும் பழசு. இன்டெலிலும் கோர் அல்ட்ரா 200 என்ற ஒரே கூரையின் கீழே வி, எச், யு என்று முடிபவை வெவ்வேறு சிப்புகள். பேட்டரிதான் முக்கியம் என்றால் வி-யில் முடிவதைப் பாருங்கள், ஆனால் அதில் ரேம் சிப்போடே ஒட்டியது, 16 அல்லது 32, வாங்கும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும்.

இந்த ஒட்டிய ரேம் எனக்குப் பெரிய வருத்தம். பத்து வருஷப் பழசான என் லேப்டாப்பைக் காப்பாற்றியதே அந்தக் காலி ஸ்லாட்டுதான். இன்று மெல்லிய லேப்டாப்புகளில் அது மறைந்துகொண்டே வருகிறது. அதனால் புதிது வாங்கும் யாருக்கும் நான் சொல்வது, 16 ஜிபிக்குக் கீழே இறங்கவே வேண்டாம், ஒட்டியதா ஸ்லாட்டா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். பிராசஸரில் ஒரு படி இறங்கி அந்தப் பணத்தைத் திரையில் போடுவதும் நல்லது. ஐபிஎஸ் வகைத் திரையும் 300 நிட்ஸுக்கு மேல் வெளிச்சமும் இருப்பதாகப் பாருங்கள், திரை காட்டும் நிறங்களின் அளவு 45 சதவீத என்டிஎஸ்சி என்று எழுதியிருந்தால் தவிர்த்துவிடுங்கள், தோல் நிறமெல்லாம் வெளிறித் தெரியும்.

ஏஐ பிசி என்ற ஸ்டிக்கருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்டால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கோபைலட் பிளஸ் பிசி என்று சொல்ல 40 டாப்ஸ் (வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள, ஏஐ வேலைக்கென்றே இருக்கும் என்பியு என்ற சிப் பகுதி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் வரையறுத்தது. அது செய்வது வீடியோ அழைப்பில் பின்னணியை மங்கலாக்குவது, பேச்சுக்கு உடனுக்குடன் எழுத்து காட்டுவது, ரீகால் மாதிரியான சில வசதிகள். நாம் பிரவுசரில் பேசும் சாட்பாட்டுகள் ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில், அதற்கும் இந்த என்பியுவுக்கும் சம்பந்தமே இல்லை. என் பழைய லேப்டாப்பிலும் அவை அதே வேகத்தில்தான் பதில் சொல்கின்றன. ரீகால் திரையில் தெரிவதை எல்லாம் படமெடுத்து வைக்கும் என்றதும் பெரிய எதிர்ப்பு கிளம்பி, தள்ளிப்போய், கடைசியில் 2025 ஏப்ரலில்தான் பரவலாக வந்தது, அதுவும் நாமே சம்மதித்தால் மட்டும். நான் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன்.

மேக் பற்றி, பயன்படுத்திப் பழகியவர்களிடம் வாதம் செய்யத் தேவையில்லை. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர் 2025-ல் வந்த மேக்ஓஎஸ் 26-ஐயும் ஓட்டுகிறது, ஃபேனே இல்லை, சத்தமே இல்லை. என் தங்கை வீடியோ எடிட்டிங்குக்கு எம்4 ஏர் வாங்கினாள், அவளுக்கு நானே அதைத்தான் சொன்னேன். 2024 அக்டோபரிலிருந்து ஏரின் அடிப்படை ரேமே 16 ஜிபி ஆகிவிட்டதால் பழைய குறையும் போய்விட்டது. தமிழ்99, அஞ்சல் இரண்டு தட்டச்சு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் ரேமையும் சேமிப்பையும் பின்னால் மாற்றவே முடியாது, 256 ஜிபியை வாங்கிவிட்டு ஒரு வருஷத்தில் நிரப்பிக்கொண்டு தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய இன்டெல் மேக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள், மேக்ஓஎஸ் 26-தான் அவற்றுக்குக் கடைசி, அதுவும் எல்லா இன்டெல் மேக்குக்கும் கிடையாது.

ஆக, என் வீட்டிலேயே மூன்று விதமான முடிவு. அம்மாவுக்குப் பழசு, எஸ்எஸ்டி, மின்ட். தங்கைக்கு ஏர். எனக்கு எட்டாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டு, இதை எழுதிக்கொண்டிருப்பது அதில்தான். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கேட்டாலும் இந்த ரீஃபர்பிஷ்டையே சொல்வேன், துறைக்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்றால் தவிர.

எதைச் செய்தாலும் கழற்றுவதற்கு முன் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள், டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறதா (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறதா) என்றும் பாருங்கள். புதிய விண்டோஸ் நிறுவல்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்ததும் நமக்குத் தெரியாமலே அதைச் செய்துவிடும், மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்குக்குள் நுழையவே வழியில்லாமல் போய், சாவியும் வேறு எங்கும் இல்லையென்றால், பூட்டிய டிஸ்கில் இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.

கழற்றிய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போடவும் வேண்டாம். டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் போட்டுப் பாருங்கள். நீலத்தில் குட் என்று காட்டினால் ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டுவிடலாம், மஞ்சளில் காஷன் என்று காட்டினால் நம்ப வேண்டாம். என்னுடையது நீலமாக இருந்தது. அந்த 1 டிபி டிஸ்கில்தான் இப்போது அம்மாவின் புகைப்படங்களின் இரண்டாவது நகல் இருக்கிறது, மாதம் ஒருமுறை செருகும்போது அதே பழைய கிர்ர் சத்தம் கேட்கும்.